என் வெல்டு விடவில்லை

வளையம் என் உள்ளங்கையில் இருந்தது. தொட்டியின் உப்புத் தண்ணீர் அதில் இன்னும் காயவில்லை. எதிரே தரையில் கிடந்த இரும்புச் சட்டத்தில் நான் வைத்த வெல்டு அப்படியே நின்றது. ஒரு கீறல்கூட இல்லை.

மலையாளக் கரையிலுள்ள விழிஞ்ஞத்தில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் அப்போது இருந்த ஒரு சின்ன ஐஸ் பிளாண்ட் அது. காலை ஒன்பது மணி இருக்கும். சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். முந்தின நாள் அங்கே ஒருவனுடைய கால் போயிருந்தது.

"ஆறுமுகம், நல்லா நோக்கிச் சொல்லு," என்றார் முதலாளி. "உன் வெல்டு விட்டதா, இல்லையா?"

குனிந்து பார்த்தேன். விரலால் தடவினேன். வெல்டின் கரையை ஒட்டி, அரை விரல்கூடத் தள்ளாமல், வளையத்தின் இரும்பு அற்றிருந்தது. உடைந்த முகம் கற்கண்டை உடைத்த மாதிரிப் பொடிப்பொடியாக மின்னியது. ஒரு ஓரத்தில் மட்டும் நகத்தளவுக்குப் பழுப்பு.

"என் வெல்டு விடல முதலாளி. பாருங்க, அப்படியே நிக்கு. பக்கத்துல இரும்புதான் போயிருக்கு. வெடுக்குன்னு சுண்டித் தூக்குனா எந்த இரும்பும் போவத்தான் செய்யும்."

எல்லாருடைய தலையும் ஒரே பக்கம் திரும்பியது. சுவரை ஒட்டி சேவியர் நின்றுகொண்டிருந்தார். முந்தின நாள் மோட்டார்ச் சுவிட்சை அமுக்கி அந்தச் சட்டத்தைத் தூக்கியவர் அவர்தான். அவர் என்னைப் பார்க்கவில்லை. தன்னுடைய வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆக்ஸில் துண்டு

போன வாரம் இந்தத் தொடரில் கண் எரிச்சலைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, இத்தனை வருடத் தொழிலில் உங்களுக்குப் பட்ட பெரிய காயம் எது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். என் உடம்பில் பட்டதெல்லாம் சின்னக் காயம்தான். கழுத்தில் நாலைந்து தீப்பொறி வடு, இடது முழங்காலில் ஒரு தையல். பெரிய காயம் வேறொருவனுக்குப் பட்டது. அதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது. நாலு தடவை பேனாவை மூடி வைத்தாயிற்று.

ஐஸ் பிளாண்டைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தரைமட்டத்தில் பெரிய உப்புத் தண்ணீர்த் தொட்டி இருக்கும். அதற்குள் வரிசை வரிசையாகத் தகர டப்பாக்கள். டப்பாவில் ஊற்றிய நல்ல தண்ணீர் உறைந்து கட்டியானதும் ஒரு வரிசையை மொத்தமாக மேலே தூக்க வேண்டும். அதற்கு ஒரு நீள இரும்புச் சட்டம், சட்டத்தின் இரண்டு தலையிலும் வளையம், வளையத்தில் சங்கிலி, கூரையில் மோட்டார். சுவிட்சை அமுக்கித் தூக்கி இறக்குவது சேவியரின் வேலை.

சேவியர் தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரைக்காரர். விழிஞ்ஞத்தில் பெண்ணெடுத்து அங்கேயே தங்கிவிட்டார். மனைவி ஸ்டெல்லா. ஸ்டெல்லாவின் தம்பி பீட்டரை அந்தப் பிளாண்டில் சேர்த்துவிட்டவரும் அவர்தான்.

வளையம் ஒன்று தேய்ந்து மெலிந்துபோய் என்னைக் கூப்பிட்டார்கள். நல்ல மழைக்காலம். முதலாளி ஒரு லாரி ஆக்ஸில் துண்டை எடுத்து வந்து போட்டார்.

"இதில வளையம் செய்தா ஒரு காலத்தும் தேயாது," என்றார்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. லேத்துக் கடையில் துளை போட்டு வாங்கிவந்து சட்டத்தில் வைத்துப் பற்றவைத்தேன். வெல்டிங் ராடுப் பாக்கெட் பிரித்து நாளாகியிருந்தது. அந்த ஈரக் காற்றில் பூச்சு நமுத்துப்போய் விரலில் மாவாக ஒட்டியது. வெளியே ஐஸுக்காக மீன்பிடிப் போட்டுக்காரர்கள் சத்தம் போட்டார்கள். வெல்டு இன்னும் சிவப்பாக இருக்கும்போதே தொட்டியிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் மொண்டு ஊற்றினேன். புஸ்ஸென்று ஆவி எழும்பியது. ஓரத்தைச் சமப்படுத்த அரம் போட்டபோது, பல் பிடிக்காமல் கண்ணாடிமேல் போவதுபோல அரம் வழுக்கியது.

நல்ல உறுதியான இரும்பு என்று நினைத்துக்கொண்டேன். சந்தோஷமாகக்கூட இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அந்த வளையம் அற்றது. டப்பாக்கள் ஒரு பக்கமாகச் சரிந்து, தொட்டியை மூடிய பலகைமேல் நின்ற பீட்டரின் இடது காலில் விழுந்தன. ஆஸ்பத்திரியில் பாதத்தின் முன்பாதியை எடுத்துவிட்டார்கள். அப்போது அவருக்கு முப்பது வயதிருக்கும். கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

நாங்கள் பார்க்கிற இடம்

என் அப்பா நாஞ்சில்நாட்டிலிருந்து வந்து, பழவங்காடிக்குப் பக்கத்தில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கெழுதினார். கரமனையில் வாடகை வீடு. நான் வெல்டிங்குக்குப் போனது அவருக்குப் பிடிக்கவில்லை என்று இந்தத் தொடரின் தொடக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஆனால் நான் வைத்த முதல் இரும்புக் கேட்டைப் பார்க்க அவர் கரமனையிலிருந்து நேமம் வரை நடந்தே வந்தார். வெல்டுகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். "மீன் செதிலு மாதிரி ஒரே சீரா இருக்கு," என்றார். அவர் என் வேலையைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது.

எல்லாரும் அப்படித்தான் பார்ப்பார்கள். வீட்டுக்காரர், கான்ட்ராக்டர், இன்னொரு வெல்டர், யாராக இருந்தாலும் கண் நேராக வெல்டின்மேல்தான் போகும். அதற்குப் பக்கத்தில் இரண்டு கரையிலும் நீலமும் வைக்கோல் நிறமுமாக ஒரு பட்டை ஓடும். கம்பித் தூரிகையால் தேய்த்தால் அந்த நிறம் போய்விடும். பெயிண்ட் அடித்தால் அங்கே ஒன்றும் நடந்ததாகவே தெரியாது. இருபத்தைந்து வருடம் நானும் அதைத் தேய்த்துவிட்டுப் போனவன்தான்.

அன்று காலை ஐஸ் பிளாண்டில் நான் சொன்ன வார்த்தை நிலைத்துவிட்டது. முதலாளிக்கு அது போதுமானதாக இருந்தது. அந்த வாரமே சேவியரை நிறுத்திவிட்டார்கள். பீட்டர் வீட்டார் அவரோடு பேச்சை நிறுத்தினார்கள் என்று பிறகு யாரோ சொன்னார்கள். பாவம் என்று நினைத்தேன். நான் பொய் சொல்லவில்லையே என்றும் நினைத்தேன்.

ஐம்பத்திரண்டு வயதில் பெஞ்சு

பதினோரு வருடம் போயிற்று. கேட்டு, கிரில் வேலைக்கு ஆள் குறைந்தது. ஸ்டீல் குழாயை வெட்டி ஒட்டும் சின்னப் பட்டறைகள் ஒவ்வொரு முக்கிலும் வந்துவிட்டன. கழுத்து வலி வேறு. விழிஞ்ஞத்துப் புதுத் துறைமுகத்தில் ஒரு சப்-கான்ட்ராக்டர் வயதைப் பார்க்காமல் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன்.

"சர்ட்டிபிகேட் உண்டோ?" என்றார்கள்.

இல்லை. பத்து நாள் வகுப்பும் ஒரு பரீட்சையும் முடித்துவிட்டு வரச் சொன்னார்கள்.

வகுப்பில் பாதிப் பேர் என் மகள் வயது, மீதிப் பேர் அவளைவிடச் சின்னவர்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்குக் கண் சொருகும். பாடம் எடுத்தவர் ஸ்ரீலேகா டீச்சர். நாற்பதுகூட ஆகியிருக்காது. மலையாளத்தில்தான் நடத்துவார். என் முகத்தைப் பார்த்துவிட்டு இடையிடையே தமிழ் கலப்பார்.

இரும்புக்குள் கரி இருக்கிறது, அதைத்தான் கார்பன் என்பது என்று தொடங்கினார். சாதாரண இரும்பில் அது கொஞ்சம். ஆக்ஸில், ஸ்பிரிங் பிளேட்டு போன்றவற்றில் அதிகம். இரும்பு நன்றாகச் சிவந்தால் உள்ளே இடம் விரியும், கரி அதற்குள் ஏறிக்கொள்ளும். ஆறும்போது இடம் சுருங்கும், ஏறிய கரி இறங்க வேண்டும்.

"கிழக்கேகோட்டையில பஸ் நிக்குது. ஆளு இறங்கணும்," என்றார். "மெல்ல நின்னா எல்லாரும் இறங்கும். நிக்காம கதவை அடச்சுப் போனாலோ? உள்ளே நெருக்கிப் பிடிச்சு நிக்கும். ஒருத்தருக்கும் அனங்க முடியாது. இரும்பும் அப்படித்தன்னே. பெட்டெந்நு, வேகமா ஆறினா கரி உள்ளே மாட்டிக்கும். இரும்பு கடுப்பமாகும். கடுப்பமானா வளையாது, பொட்டும், உடைஞ்சுபோகும்."

வேகமாக ஆற்றுவது தண்ணீர் மட்டுமல்ல, சுற்றியிருக்கும் குளிர்ந்த இரும்பே சூட்டை உறிஞ்சிக்கொள்ளும் என்றார். அதனால்தான் இந்த மாதிரி இரும்பை முதலிலேயே சூடேற்ற வேண்டும், வைத்த பிறகு மணலில் புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். நமுத்த ராடிலுள்ள ஈரத்திலிருந்து வரும் வாயுவும் அந்த இடத்தில் புகுந்துகொண்டால், வேலை முடிந்து நாம் வீட்டுக்குப் போன பிறகு, ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துச் சத்தமில்லாமல் விரிசல் விழும்.

நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

பழுப்பு

மறுநாள் பட்டறையில் ஒரே ஆக்ஸிலில் வெட்டிய இரண்டு துண்டுகளில் வெல்டு வைத்தோம். ஒன்றைத் தண்ணீரில் போட்டோம். இன்னொன்றை முன்னாலேயே சூடேற்றி, வைத்த பிறகு மணலில் மூடினோம்.

டீச்சர் அரத்தை என் கையில் கொடுத்தார். தண்ணீரில் போட்ட துண்டில், வெல்டுக்குப் பக்கத்தில் இழுத்தேன். வழுக்கியது. என் கைக்கு அந்த வழுக்கல் தெரியும்.

பிறகு இரண்டையும் வைஸில் இறுக்கிச் சுத்தியலால் அடித்தோம். மணலில் ஆறியது வளைந்து கொடுத்தது. தண்ணீரில் ஆறியது இரண்டாவது அடியில் டக்கென்று போனது. வெல்டு அப்படியே இருந்தது. பக்கத்தில் போயிருந்தது.

அதோடு முடிந்திருந்தாலும் நான் ஏதாவது சமாதானம் தேடியிருப்பேன். டீச்சர் அலமாரியிலிருந்து ஒரு பழைய உடைசலை எடுத்து எல்லார் கைக்கும் கொடுத்தார். எங்கிருந்தோ வந்த வேறொரு துண்டு அது. பொடிப்பொடியாக மின்னும் முகம். ஓரத்தில் நகத்தளவுக்குப் பழுப்பு.

"இந்தப் பழுப்பு எந்தா?" என்று கேட்டார். அவரே சொன்னார். "துரு. இன்னைக்கு உடைஞ்ச இடத்தில துரு வருமோ? வராது. அப்போ இந்த விரிசல் பண்டே உண்டு. ஈரம் கேறித் துருப்பிடிச்சு, மீதி இடம் பாரத்தைத் தாங்கிக்கிட்டே இருந்தது. ஒரு நாளு முடியாம விட்டுப்போச்சு."

எல்லாரும் டீ குடிக்கப் போன பிறகு அவரிடம் போனேன்.

"டீச்சர், வெல்டு விடாம பக்கத்துல உடைஞ்சா அது யாரு குத்தம்?"

"பக்கம்னா எத்தற பக்கம்?"

விரலில் அளவு காட்டினேன்.

"அது வெல்டரோட ஸ்தலம்தன்னே சேட்டா. அங்கே சூடு கொடுத்தது நம்மளல்லே?" என்றவர் என் முகத்தைப் பார்த்தார். "எந்தா, என்ன ஆச்சு?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். தண்ணீர்க் குழாயடியில் கொஞ்ச நேரம் நின்றேன். அன்று பிளாண்டில் எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்பதுதான் உண்மை. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெரிந்தவன் மாதிரிப் பேசினேன்.

யார் மனசு ஆற?

பகவதியிடம் சொன்னேன். என் மனைவி அதிகம் பேசுகிறவள் இல்லை. காய்ந்த துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"போயிச் சொல்லப் போறியளா?"

"சொல்லண்டாமா?"

"இத்தன வருசம் கழிச்சு அந்த மனுசனப் போய்க் கிண்டணும். உங்க மனசு ஆறதுக்குப் போறியளா, அவரு மனசு ஆறதுக்கா?"

பரீட்சையில் தேறினேன். துறைமுக வேலையில் சேர்ந்தேன். தினமும் விழிஞ்ஞம் பஸ்ஸில்தான் போய்வந்தேன். சேவியர் வீட்டுக்கு இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் மூன்று மாதம் ஓட்டினேன். வேலை முடிந்து வரும்போது உடம்பில் அதற்குமேல் தெம்பு இருக்காது என்பது நல்ல சாக்காக இருந்தது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஆட்கள் வீட்டுக்குத் திரும்பும் நேரத்தில் போனேன்.

சேவியர் வீட்டு முன்னால் வலைத்துண்டு ஒன்றை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏலக்கூடத்தில் மீன் பெட்டி சுமக்கிறார் என்று வழியில் சொல்லியிருந்தார்கள். தலை முழுக்க நரைத்துவிட்டது.

"வெல்டிங் மேஸ்திரியல்லே?" என்றார். "என்ன இந்தப் பக்கம்? இரியுங்க."

நான் உட்காரவில்லை. "அன்னைக்கு அந்த வளையம் ஒடஞ்சது உங்க கையால இல்ல. நான் வச்ச முறையால. ஆக்ஸில் இரும்புல அப்படி வைக்கப்பிடாது, தண்ணியும் ஊத்தப்பிடாது. அதுல முன்னாலயே விரிசல் விழுந்திருக்கு. ஒடஞ்ச அன்னைக்கே அந்தத் துருவ நான் பாத்தேன். பாத்தும் என்னன்னு தெரியல. தெரியாமலே உங்க தலையில போட்டுட்டேன்."

அவர் வலையைக் கையிலிருந்து விடவில்லை.

"ஆனா மேஸ்திரி, நான் சுண்டித்தான் தூக்குனேன்."

"என்னது?"

"சுண்டித்தான் தூக்குனேன். வெளிய ரெண்டு போட்டு காத்துக் கெடந்து. சுவிட்ச அமுக்கி விட்டு, அமுக்கி விட்டுத் தூக்குனேன். எனக்குத் தெரியும்லா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. பதினோரு வருடமாக அவர் என் வார்த்தையை நம்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

"எத்தன வருசம் அந்தச் சுவிட்சப் பிடிச்சிய?"

"ஒம்பது."

"அதுல எத்தன நாளு சுண்டித் தூக்கியிருப்பிய?"

"திரக்குள்ள, அவசரமான நாளு பூரா அப்படித்தான்."

"பின்ன? பழைய வளையம் அதத் தாங்கிச்சுல்லா. சுண்டுறதயும் சேத்துத்தான் அது தாங்கணும். நான் சரியா வச்சிருந்தா அன்னைக்கும் தாங்கியிருக்கும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு வீட்டுக்குள் பார்த்து, "ஸ்டெல்லா, இஞ்ச வா," என்றார். "மேஸ்திரி ஒரு காரியம் சொல்லுதாரு. கேளு."

மூன்று தடவை

முதல் தடவையைவிட இரண்டாம் தடவை சொல்வது கஷ்டமாக இருந்தது. ஸ்டெல்லா ஈரக் கையோடு நிலைப்படியில் நின்று கேட்டார். வெல்டு, கரி, துரு எல்லாம் அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. முடிவில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்போ இவரு பெழை இல்ல?"

"இல்ல."

"எங்கம்மை போன நோம்புலதான் செத்தாவ," என்றார். "கடைசி வர இவரு கையால ஒரு சொட்டுத் தண்ணி வாங்கிக் குடிக்கல. கட்டில்ல கெடக்கும்போ இவரு டம்ளரக் கொண்டு போவாரு. மொகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிடுவா."

பிறகு கணவர் பக்கம் திரும்பினார். "நானும்..." என்று தொடங்கினார்.

"செரி, விடு," என்றார் சேவியர்.

ஸ்டெல்லா விடவில்லை. உள்ளே போய் ஃபோனை எடுத்து வந்தார். தம்பி பீட்டர் இப்போது கொல்லத்தில் ஒரு வலைக்கடையில் இருக்கிறார், கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள், இந்த வீட்டுக்கு மட்டும் வருவதில்லை. இதையெல்லாம் அந்தப் பக்கம் ஃபோன் மணியடிக்கும் நேரத்திலேயே சொன்னார். "அவங்கிட்டயும் உங்க வாயால சொல்லுங்க," என்று என் கையில் கொடுத்தார்.

மூன்றாம் தடவை சொன்னேன்.

"நீங்க யாரு?" என்றார் பீட்டர்.

"அந்த வெல்டு வச்ச ஆறுமுகம்."

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

"அத்தான் அங்கண இருக்காரா? ஃபோன அவருட்ட குடுங்க."

சேவியர் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு கடற்பக்கம் நடந்தார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. தூரத்தில் அவர் நின்றதும், பிறகு ஒரு கவிழ்த்துப்போட்ட வள்ளத்தில் கையை ஊன்றிக்கொண்டதும் தெரிந்தது. ஸ்டெல்லா படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். என்னை இருக்கச் சொல்லவும் ஆளில்லை, போகச் சொல்லவும் ஆளில்லை. பஸ்ஸுக்கு நடந்தேன்.

முதலாளியையும் பார்த்துச் சொல்லிவிட நினைத்தேன். பிளாண்டை இடித்து வெகு நாளாகிவிட்டது. அவர் மகனோடு வெளிநாட்டில் இருப்பதாகச் சொன்னார்கள்.

ஓணம் கழிந்து ஒரு மத்தியானம், வேலையிடத்தில் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கும்போது, யாரிடமோ நம்பர் வாங்கிச் சேவியர் ஃபோனில் கூப்பிட்டார்.

"பீட்டரு வந்திருந்தான் மேஸ்திரி. பிள்ளையளயும் கூட்டிட்டு. ரெண்டு நாளு நின்னான்."

"சந்தோசம்."

"ஒரு காரியம் சொல்லணும்." கொஞ்சம் தயங்கினார். "நீங்க இனி இஞ்ச வரண்டாம். வெறுப்பு ஒண்ணும் இல்ல கேட்டேளா. வந்து சொன்னது நல்லதுதான். ஆனா உங்க மொகத்தக் கண்டா இவளுக்கு அம்மை ஓர்மை வருது. பீட்டருக்குக் காலு ஓர்மை வரும்."

"செரி."

"கோவம் உண்டா?"

"இல்ல."

அவர் ஃபோனை வைத்துவிட்டார். வீட்டுக்குப் போய்ப் பகவதியிடம் சொன்னேன். "நியாயந்தான," என்றாள்.

நியாயம்தான். இப்போதும் அதே துறைமுகத்தில்தான் வேலை. அந்த வீட்டுக்குத் திரும்பும் முக்கைத் தாண்டித்தான் தினமும் பஸ் போகிறது. அங்கே நிற்கும்போது ஏலக்கூடத்து ஆட்கள் ஏறுவார்கள், இறங்குவார்கள். பஸ் மறுபடி நகரும்வரை நான் முகத்தைத் தாழ்த்தி, கையிலிருக்கும் டிக்கெட்டைப் படித்துக்கொண்டிருப்பேன்.